மத்தியானத்தில் மெதுவாகும் மடிக்கணினி

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட்டில் மடிக்கணினி பழுது பார்க்கிறேன். கடைக்கு வரும் அம்மாக்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "தம்பி, காலையில நல்லா ஓடுது, மத்தியானம் ஆனா படுத்துக்குது. புதுசு வாங்கணுமா?" தோட்டத்துச் சம்பளத்தில் 2,000 ரிங்கிட் சின்னத் தொகையா? அதனால் வாங்குவதற்கு முன்னால் ஓர் எண்ணைப் பாருங்கள் என்கிறேன்.

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியூவைத் தொடுங்கள். கணினியின் மூளையான செயலி (அதுதான் சிபியூ) அந்த நொடியில் ஓடும் வேகம் கிகாஹெர்ட்ஸில் தெரியும். சும்மா இருக்கும்போது அது இறங்கும், வேலை கொடுத்தால் ஏறும். அது கோளாறு இல்லை. பேட்டரி நீடிக்க 2000இல் இன்டெல் ஸ்பீட்ஸ்டெப் என்று கொண்டுவந்த ஏற்பாடு அது. கனமான வேலை ஓடும்போதும் எண் ஏறாமல் கிடந்தால்தான் கவனிக்க வேண்டும். செயலி 100 டிகிரியை நெருங்கும்போது கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புரியும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்றுதானே விடியுமுன் கிளம்பினோம்? தகரக் கூரைக்குக் கீழே, மெத்தைமேல் வைத்த மடிக்கணினிக்கு அடிப்பக்கத்துக் காற்றுத் துளையும் அடைபட்டுவிடுகிறது.

முதலில் மேசைக்கு மாற்றுங்கள். விசிறித் தூசியை எடுங்கள், ஊதும்போது விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதன் அட்வான்ஸ்ட் அமைப்பில் மேக்சிமம் புராசஸர் ஸ்டேட். 100 என்றிருப்பதை 99 ஆக்குங்கள். சில புதிய மாடல்களில் இந்த வரி மறைந்திருக்கும். ஒன்றுதானே குறைத்தோம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கணினிகளில் டர்போ வேகமே, அதாவது செயலி தன் வழக்கமான வேகத்தைத் தாண்டிப் பாய்வதே, நின்றுவிடும். டர்போவுக்கு மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால், அதே வேகத்திலேயே மின்செலவு நான்கு மடங்காகும். அந்தச் செலவு முழுக்கச் சூடாகத்தான் வெளியே வருகிறது. கட்டுரை எழுதவும் இணைய வகுப்புக்கும் டர்போ தேவையே இல்லை.

போன மாதம் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி கொண்டுவந்த கணினி 0.8 கிகாஹெர்ட்ஸில் முடங்கிக் கிடந்தது. விசிறியிலிருந்து மெத்தைப் பஞ்சு கொத்தாக வந்தது. அன்று சாயங்காலமே 2.4இல் நிலையாக ஓடியது. புதுக் கணினிக்கு வைத்திருந்த பணத்தை அவள் அம்மா திரும்பவும் கைப்பையில் வைத்துக்கொண்டார்.