பக்கம் மாறியது, முகவரி ஏன் மாறவில்லை?

வணக்கம் மக்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிச் சத்தம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு உபயம் பதிய, இங்குள்ள பிள்ளைகள் ஜாவா சர்வ்லெட்டில், அதாவது சர்வரில் ஓடி பிரவுசருக்குப் பதில் தரும் ஜாவா நிரலில், ஓர் இணையதளம் செய்கிறார்கள். படிவத்தை அனுப்பினால் நன்றிப் பக்கம் வருகிறது. மேலே முகவரி மட்டும் '/உபயம்/சேமி' என்றே நிற்கிறது. "அண்ணே, பக்கம் மாறிடுச்சு, முகவரி ஏன் மாறல?" என்று கேட்டார்கள். அருமையான கேள்வி.

அவர்கள் பயன்படுத்தியது ஃபார்வர்ட், அதாவது வந்த கோரிக்கையைச் சர்வர் தனக்குள்ளேயே இன்னொரு பக்கத்துக்குக் கைமாற்றுவது. தோட்ட ஆபீஸில் கிராணியிடம் மனு கொடுக்கிறோம். அவர் அதை உள்ளே இன்னொரு மேசைக்குத் தள்ளி, பதிலை வாங்கி நம்மிடம் தருகிறார். உள்ளே யார் எழுதினார் என்று நமக்குத் தெரியாது. பிரவுசரும் அப்படித்தான். தான் கேட்ட முகவரியைத்தான் காட்டும். ரீடைரெக்ட் என்றால் சர்வர் 302 என்ற எண்ணோடு புது முகவரியை மட்டும் அனுப்பும். பிரவுசரே அங்கே மறுபடி போய்க் கேட்கும், அதனால் முகவரியும் மாறும்.

இதில் என்னை உறுத்துவது பணக் கணக்கு. ஃபார்வர்டுக்குப் பிறகு யாராவது ரீஃப்ரெஷ் செய்தால், அதே போஸ்ட், அதாவது படிவத் தகவலைச் சுமந்து போகும் கோரிக்கை, மறுபடி போகும். பிரவுசர் எச்சரிக்கும்தான், ஆனால் அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? ஒரு பாட்டி கொடுத்த 50 ரிங்கிட் இரண்டு முறை பதிவாகிவிடும். கோயில் கணக்கில் அது கூடவே கூடாது. ஆகவே சேமித்த பின் ரீடைரெக்ட்தான். 303 கொடுத்தால் இன்னும் சரி, 'கெட் முறையில் (எதையும் பதியாமல் பக்கத்தை மட்டும் கேட்பது) போய் அந்தப் பக்கத்தை எடு' என்பதே அதன் பொருள்.

அதற்காக ஃபார்வர்டை ஒதுக்காதீர்கள். படிவத்தில் பிழை இருந்தால் ஃபார்வர்ட்தான் வசதி, ரிக்வெஸ்டில் (கோரிக்கையில்) சர்வர் வைத்த பிழைச் செய்தி அப்படியே அடுத்த பக்கத்துக்குப் போகும். ரீடைரெக்டில் அது புது ரிக்வெஸ்ட், பழைய ரிக்வெஸ்டில் வைத்தது ஒன்றும் மிஞ்சாது. ஆனால் வங்கியின் கட்டணப் பக்கம் மாதிரி வெளித்தளத்துக்கு ஃபார்வர்ட் செல்லாது.

அப்புறம், நன்றிப் பக்கத்தில் வண்ணமெல்லாம் காணோம் என்றார்களே, காரணம் இதுதான். வண்ணம் தரும் கோப்பை 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்' என்று மொட்டையாக எழுதினால், பிரவுசர் மேலே தெரியும் முகவரியை வைத்து '/உபயம்/' கோப்புறையில் தேடும். கான்டெக்ஸ்ட் பாதையிலிருந்து, அதாவது சர்வரில் உங்கள் தளம் தொடங்கும் பாதையிலிருந்து, முழுசாக எழுதுங்கள்.

மாற்றிய பிறகு எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து படிவத்தை அனுப்புங்கள். 'சேமி'க்கு 303 (அல்லது 302), அடுத்து நன்றிப் பக்கத்துக்கு 200 (சரியாக வந்தது என்று பொருள்) என்று இரண்டு வரி வர வேண்டும். 'சேமி'க்கே 200 வந்தால் இன்னும் ஃபார்வர்ட்தான் ஓடுகிறது.