டிஸ்க்குக்கும் லினக்ஸுக்கும் நடுவில் ஒரு கார்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் ஓடும் ஒரு கம்ப்யூட்டர். மதர்போர்டில் நான்கு சாட்டா போர்ட், நான்கிலும் டிஸ்க் மாட்டியாகிவிட்டது. ஐந்தாவது டிஸ்க் கையில் இருக்கிறது, செருக இடமில்லை. பலரும் டிஸ்க் கன்ட்ரோலர் கார்டைத் தேட ஆரம்பிப்பது இந்தக் கட்டத்தில்தான். தேடினால், இரண்டே போர்ட் வைத்த விரல் நீளக் கார்டிலிருந்து சொந்தமாக மெமரியும் பேட்டரியும் வைத்த பெரிய கார்டு வரை கண்ணில் படுகிறது. விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நம்பிப் பெரியதை வாங்கிவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படித்தான் வாங்கினேன்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக்குவதற்கு ரெய்டு என்று பெயர். நான்கு டிஸ்க்குகளை, அந்த வேலையைத் தானே செய்யும் ஒரு ஹார்டுவேர் ரெய்டு கார்டில் மாட்டி, ரெய்டு 5 ஆக அமைத்திருந்தேன். நான்கில் எது ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றை வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. மூன்று வருடம் நன்றாக ஓடியது. ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் டிஸ்க் ஒன்றுகூடத் தெரியவில்லை. கெட்டது டிஸ்க் இல்லை, கார்டு. நான்கு டிஸ்க்கும் நல்ல நிலையில் மேசைமேல் கிடந்தன. ஆனால் உள்ளே இருப்பதை எடுக்க வழியில்லை. எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில், எந்த வரிசையில் இருக்கிறது என்ற குறிப்பை அந்தக் கார்டு தனக்கே உரிய முறையில் எழுதி வைத்திருந்தது. வேறு கம்பெனிக் கார்டுக்கு அது புரியவில்லை. அதே வகைப் பழைய கார்டு ஒன்றை எங்கோ கண்டுபிடித்து, அது வந்து சேர மூன்று வாரம் ஆனது. டிஸ்க் கெட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருந்த நான், கார்டு கெட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

அதனால் கார்டு வாங்கப்போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: டிஸ்க்கை உள்ளது உள்ளபடி லினக்ஸிடம் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சாதாரணக் கார்டாக வாங்குங்கள். ரெய்டு வேலையை லினக்ஸ் பார்த்துக்கொள்ளும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே எம்டி என்ற ரெய்டு பகுதி இருக்கிறது. அதை இயக்கும் கட்டளை எம்டிஏடிஎம். அது தன் குறிப்புகளை அந்தந்த டிஸ்க்கிலேயே எழுதி வைக்கிறது. கார்டு போனால் டிஸ்க்குகளைக் கழற்றி, வேறு எந்தக் கார்டிலும், வேறு எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரிலும், எந்த வரிசையிலும் மாட்டலாம். அவை தங்களைத் தாங்களே அடையாளம் காட்டிக்கொண்டு சேர்ந்துவிடும்.

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டில் ஒன்றைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்தக் கோப்பு முறைகள் எழுதும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்துக்கொள்கின்றன. படிக்கும்போது எண் ஒத்துவரவில்லை என்றால், இன்னொரு டிஸ்க்கில் இருக்கும் நல்ல பிரதியை எடுத்து, கெட்டதைத் திருத்திவிடும். ஆனால் நடுவில் ரெய்டு கார்டு உட்கார்ந்துகொண்டு நான்கு டிஸ்க்கையும் ஒரே பெரிய டிஸ்க் போலக் காட்டினால், தவறு நடந்திருக்கிறது என்று கோப்பு முறைக்குத் தெரியும், திருத்தத்தான் கையில் இன்னொரு பிரதி இருக்காது. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலும் அப்படித்தான். சாதாரணக் கார்டில் நேராக வரும். ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்கிடம் கேட்க, கார்டுக்கு ஏற்றபடி தனி வழியில் கேட்க வேண்டும்.

ஹார்டுவேர் ரெய்டு எங்கேயும் உதவாது என்று சொல்லவில்லை. பேட்டரி வைத்த கார்டு, தகவல் தன் மெமரிக்கு வந்த உடனேயே எழுதியாகிவிட்டது என்று பதில் சொல்லிவிடும். ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்துக்கு அது பெரிய வேகம். ஆனால் பேட்டரி இல்லாமலோ, இருந்தும் செத்த நிலையிலோ அதே வசதியை இயக்கினால், மின்சாரம் போகும் நொடியில் எழுதியாகிவிட்டது என்று சொல்லப்பட்டது எழுதப்படாமலே போய்விடும்.

சரி, சாதாரணக் கார்டு என்று முடிவு செய்தாயிற்று. எதை வாங்குவது? பெட்டியின்மேல் இருக்கும் கம்பெனிப் பெயரை மறந்துவிட்டு, கார்டின் நடுவில் இருக்கும் சிப் எது என்று பாருங்கள். ஒரே சிப்பை ஐம்பது பெயரில் விற்கிறார்கள். ஒரே பெயரில், சொல்லாமல் கொள்ளாமல் சிப்பை மாற்றியும் விற்கிறார்கள்.

நான்கு முதல் ஆறு டிஸ்க் போதும் என்றால் ஏஎச்சிஐ என்ற பொது முறையில் பேசும் சிப் போதும். இன்டெல் வகுத்த முறை இது. இதில் பேசும் எந்தச் சிப்புக்கும் லினக்ஸில் ஒரே டிரைவர்தான், கர்னலோடு கூடவே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்1166 ஆறு போர்ட் கொடுக்கும், ஜேமைக்ரானின் ஜேஎம்பி585 ஐந்து கொடுக்கும். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் முறைக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர், அதில் தகவல் போகும் பாதை ஒவ்வொன்றும் ஒரு தடம். இரண்டும் அதன் மூன்றாம் தலைமுறையில் இரண்டு தடம் உள்ளவை. வீட்டுச் சர்வருக்கு இவை தாராளம்.

மார்வெல் நிறுவனத்தின் 91, 92 என்று தொடங்கும் வரிசையில் பல சிப்புகள் இன்னும் பழைய கார்டுகளில் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு கோளாறு உண்டு. சிப் தன்னை 0 என்ற எண்ணில் பதிவு செய்துகொண்டு, மெமரியைத் தொடும்போது 1 என்ற, இல்லாத எண்ணின் பெயரில் கேட்கிறது. மெய்நிகர் கணினி ஓட்டுவதற்காக ஐஓஎம்எம்யூ என்ற காவலை இயக்கி வைத்திருந்தால், யாரென்று தெரியாத இந்தக் கோரிக்கையைக் காவல் தடுத்துவிடும். டிஸ்க் காணாமல் போகும். இதற்காகவே கர்னலில் சிப் வாரியாகப் பட்டியல் போட்டுத் திருத்தம் எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும் புதிதாக வாங்குகிறவர் இந்தத் தலைவலியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

குறைந்த விலையில் பத்து, பன்னிரண்டு, இருபது போர்ட் என்று ஒரு கார்டு வந்தால் நிதானியுங்கள். பெரும்பாலும் ஒரு சிறிய சிப்பின் ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் போர்ட் மல்டிபிளையர் சிப் அதில் ஒட்டியிருக்கும். ஒரு குழாயில் ஐந்து வாளி நிரப்புவது போலத்தான். வேகம் பங்காகிவிடுகிறது என்பதைவிட, ஒரு டிஸ்க் மக்கர் செய்தால் அதே கொத்தில் இருக்கும் மற்றவையும் சேர்ந்து தடுமாறும் என்பதுதான் எனக்குக் கவலை. அதேபோல, மலிவான கார்டின்மேல் ரெய்டு என்று அச்சடித்திருந்தால் அதில் ரெய்டு கணக்குப் போடும் சிப் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் விண்டோஸ் டிரைவர்தான்.

வேகக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு தடம், முதல் தலைமுறையில் நொடிக்கு 250 மெகாபைட், இரண்டாவதில் 500, மூன்றாவதில் சுமார் 985. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று 200 மெகாபைட் வேகத்தில் படிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தலைமுறை, ஒரே தடம், நான்கு டிஸ்க் என்றால் ஆளுக்கு 125 கூட முழுசாகக் கிடைக்காது. ஒரு படம் பார்க்கும்போதோ கோப்பு நகலெடுக்கும்போதோ இது தெரியாது. தெரிவது, கெட்ட டிஸ்க்குக்குப் பதில் புதியதை மாட்டி ரெய்டைப் புதுப்பிக்கும் நாளில். அப்போது எல்லா டிஸ்க்கையும் ஒரே நேரத்தில், முதலிலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். 8 டெராபைட் டிஸ்க்கை 200 வேகத்தில் படித்து முடிக்கப் பதினோரு மணி நேரம் ஆகும், 100 என்றால் இருபத்திரண்டு. அந்த நேரம் முழுக்க இன்னொரு டிஸ்க் கெட்டுவிடக் கூடாதே என்று காத்திருக்கிறோம். ஆகவே இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். மதர்போர்டில் நீளமாக இருக்கும் ஸ்லாட்டெல்லாம் முழு வேகம் கொண்டதல்ல, உள்ளே ஒரு தடமோ நான்கு தடமோ மட்டும் இணைத்திருக்கலாம். கார்டை மாட்டியபின் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான விவரம் கேட்டு ஓட்டினால், கார்டால் முடிந்த வேகம் ஒரு வரியிலும் இப்போது கிடைத்திருக்கும் வேகம் இன்னொரு வரியிலும் வரும்.

எட்டு டிஸ்க் என்று போய்விட்டால், சர்வர் டிஸ்க்குகளுக்கான எஸ்ஏஎஸ் என்ற இணைப்பு வகைக் கார்டு. அதில் சாட்டா டிஸ்க்கையும் மாட்டலாம். சாட்டா கார்டில் எஸ்ஏஎஸ் டிஸ்க்கை மாட்ட முடியாது. எல்எஸ்ஐ நிறுவனத்தின் எஸ்ஏஎஸ்2008, 2308, 3008 சிப்புகளைக் கொண்ட கார்டுகள் பழைய சர்வர்களிலிருந்து கழற்றப்பட்டு நிறையக் கிடைக்கின்றன. எல்எஸ்ஐ பிறகு அவாகோ ஆகி, இப்போது பிராட்காம் என்ற பெயரில் இருக்கிறது. இவற்றுக்குள்ளேயே பதிந்து ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் இரண்டு வகை. ஐஆர் வகை ரெய்டு வேலையும் செய்யும், ஐடி வகை டிஸ்க்கை அப்படியே காட்டும். நமக்கு வேண்டியது ஐடி. விற்பவரிடம் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். இவற்றுக்கு முந்தைய 1068 சிப் கார்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை அது முழுமையாகக் காட்டாது.

இந்தக் கார்டுகளில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். கர்னலில் டிரைவர் இருக்கிறது என்பதும், நீங்கள் நிறுவியிருக்கும் லினக்ஸ் வெளியீடு, அதாவது டிஸ்ட்ரோ, அதைக் கொடுக்கிறது என்பதும் ஒன்றல்ல. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வந்தபோது, அதுவரை ஓடிக்கொண்டிருந்த எஸ்ஏஎஸ்2008 கார்டுகளுக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். பொதுக் கர்னலிலோ அது இருந்தது. அடுத்தது சூடு. சர்வருக்குள் வேகமாக அடிக்கும் காற்றை நம்பிச் செய்த கார்டு இது. அமைதியான வீட்டுப் பெட்டியில் வைத்தால் தொட முடியாத அளவு கொதிக்கும், அப்புறம் காரணமே புரியாத பிழைகள் கர்னல் பதிவில் வரும். பக்கத்தில் ஒரு சிறிய ஃபேன் வைத்தால் தீர்ந்தது. மூன்றாவது கேபிள். கார்டில் ஒரு முனையும் டிஸ்க்குகளுக்கு நான்கு முனையுமாகப் பிரியும் கேபிளில், முன்னோக்கியது, பின்னோக்கியது என்று இரண்டு உண்டு. பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போக முன்னோக்கியதுதான் வேண்டும். மாற்றி வாங்கினால் ஒரு டிஸ்க்கும் தெரியாது, கார்டு கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு நாள் வீணாகும்.

எஸ்எஸ்டியை முடிந்தவரை மதர்போர்டு போர்ட்டிலேயே விடுங்கள். எஸ்ஏஎஸ் கார்டு வழியாக, அழித்த இடத்தை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் வசதி எல்லா எஸ்எஸ்டிக்கும் வேலை செய்வதில்லை. சிஸ்டம் பூட் ஆகும் டிஸ்க்கும் அங்கேயே இருந்தால், கார்டில் ஏதாவது பிரச்சினை வந்தாலும் கம்ப்யூட்டர் எழுந்து என்ன நடந்தது என்று சொல்லும்.

கார்டை மாட்டியபின் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற டிஸ்க் பெயர்கள் இடம் மாறலாம். கட்டமைப்புக் கோப்பில் அந்தப் பெயர்களை எழுதாமல், இடம் மாறினாலும் மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை எழுதுங்கள். கம்ப்யூட்டரை மூடுவதற்கு முன் ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணையும் ஒரு சிறிய ஸ்டிக்கரில் எழுதி, கேபிள் செருகும் பக்கம் தெரியும்படி ஒட்டிவிடுங்கள். எட்டு டிஸ்க்கில் ஒன்று கெட்டது என்று லினக்ஸ் அந்த வரிசை எண்ணைச் சொல்லும்போது, நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிடாமல் இருக்க அந்த ஸ்டிக்கர் வேண்டும்.

நன்றி. வணக்கம்.