பசை வலுவாக இருந்ததுதான் தவறு

வணக்கம். சென்ற காணொளியில், முத்துச்சிப்பியின் உட்புற அடுக்கைப் பார்த்து, கவர்ஸ்லிப் எனும் நுண்ணோக்கிக்கான மெல்லிய கண்ணாடித் துண்டுகளைப் பசையால் ஒட்டி அடுக்கி நான் செய்த கண்ணாடிப் பட்டை ஒரே தட்டில் சில்லு சில்லாகப் போனதைப் பார்த்துவிட்டு, "இன்னும் நல்ல எபாக்சி போடுங்கள்" என்று பலர் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி 640 ரூபாய்க்கு எபாக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை, வாங்கினேன். அதுவும் அதே இடத்தில் உடைந்தது. அந்த 640 ரூபாயை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, ஏனென்றால் 100 கவர்ஸ்லிப் கொண்ட பெட்டியே 95 ரூபாய்தான்.

முத்துச்சிப்பியின் உட்புறத்தில் மினுங்கும் அடுக்கில் ஏறத்தாழ 95 சதவீதம் அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம். அது அரை மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு) அளவு தடிமனுள்ள தட்டுகளாக அடுக்கப்பட்டு, இடையிடையே புரதமும், நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டினும் கலந்த படலம் பூசப்பட்டிருக்கிறது. வெறும் அரகோனைட்டை உடைப்பதைவிட இந்த அடுக்கை உடைக்கச் சுமார் 3,000 மடங்கு ஆற்றல் வேண்டும். தட்டுகள் உடைவதற்கு முன்பே படலம் விட்டுக்கொடுப்பதால், தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவி, விரிசல் நேராக ஓட வழியின்றிச் சுற்றிச் சுற்றி அலைந்து ஓய்ந்துபோகிறது. என் எபாக்சியோ கல்லாக இறுகி நழுவவே விடாததால், விரிசல் எல்லாக் கண்ணாடியையும் ஒரே வெட்டாகப் பிளந்தது.

ஆகவே இம்முறை இருபது ரூபாய் வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து பூசினேன். சொல்ல மறந்துவிட்டேன், கொத்தனார் மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் செங்கல் வைப்பதுபோலத்தான் அடுக்க வேண்டும். முதல் பட்டையில் அதையும் கோட்டைவிட்டிருந்தேன். கண்ணாடிக்கு நடுவே சிக்கிய ஈரம் வெளியேற ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் சுத்தியலால் தட்டியபோது "டிங்" என்ற ஓசை வரவில்லை, "டொப்" என்றது. பட்டை லேசாக வளைந்து, நடுவில் வெள்ளைக் கோடுகள் படர்ந்தன, ஆனால் இரண்டாகப் பிரியவில்லை. அந்த "டொப்"பை நான்கு முறை திரும்பப் போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை "உடையாத கண்ணாடி" என்று தலைப்பிடுவோரை எனக்கு அறவே பிடிக்காது. 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில், தண்ணீரில் கலந்த அலுமினா எனும் பீங்கான் தூளை ஒரே திசையில் உறையவைத்து, பனிப்படிகங்களையே அச்சாகக் கொண்டு அடுக்குகளை உருவாக்கி, அக்ரிலிக் பாலிமரால் நிரப்பியவர்கள்கூட அப்படிச் சொல்லவில்லை.

என் பட்டையோ தண்ணீரில் போட்டால் பிரிந்துவிடும். அடுத்தது சிலிகான் பசை; எபாக்சி பற்றி யாரும் எழுத வேண்டாம்.