கன்னியாக் குன்றோரத்தில் கார்த்திகைப்பூ

வணக்கம் உறவுகளே. திருகோணமலை நகரிலிருந்து கன்னியா வெந்நீரூற்றுக்குச் செல்லும் வழியில், ஒரு சிறிய கற்குன்றின் அடிவாரத்தில் நின்று இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். எனக்குப் பின்னால் பாலையும் வீரையும் நாயுண்ணியும் பின்னிக் கிடக்கும் பற்றைக்காடு தெரிகிறது. அதன் மேலே தலைநீட்டி, மஞ்சளும் சிவப்புமாகத் தொங்குபவைதாம் இன்று நாம் பார்க்கப்போகும் கார்த்திகைப்பூக்கள். சங்கப் புலவர்கள் குறிஞ்சி நிலத்துக்கு உரியதாகப் பாடிய காந்தள் இதுவே. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் இதற்குக் குளோரியோசா சுபர்பா என்று பெயரிட்டார். மலைப்பூ என்று இலக்கியம் கொண்டாடினாலும், ஆபிரிக்காவிலிருந்து தென்கிழக்காசியா வரை பரந்து வாழும் இச்செடி மலைச்சாரல்களைப் போலவே தாழ்நிலக் காட்டோரங்களிலும் கடற்கரை மணற்பாங்கிலும் வளர்கிறது.

பூவைப் பார்ப்பதற்கு முன் மண்ணுக்குள் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இச்செடியின் ஆயுளில் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது. கலப்பையைப் போல இரண்டாகக் கவைத்த கிழங்கு ஒன்று அடியில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரேயொரு முளை மட்டுமே உண்டு. கச்சான் காற்று நிலத்தை வறட்டும் மாதங்களில் மேலே ஓர் இலைகூட இருக்காது. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் அந்த முளை மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்து, சில வாரங்களுக்குள் ஆள் உயரத்தையும் தாண்டிவிடுகிறது. அவ்வளவு வேகத்துக்கும் வேண்டிய உணவைக் கொடுத்துத் தீர்த்த பழைய கிழங்கு சுருங்கிப்போக, அதற்குப் பதிலாகப் புதிய கிழங்கு அதே பருவத்தில் உருவாகிறது. ஆகவே இதைப் பல்லாண்டுச் செடி என்று நாம் சொல்லும்போது, மேலே தெரியும் தண்டோ அடியிலுள்ள கிழங்கோ பல்லாண்டு இருப்பதாகக் கொள்ளக்கூடாது. ஒரு கிழங்கு தன் இடத்தை அடுத்த கிழங்குக்குக் கொடுத்துச் செல்வதால்தான் செடி நிலைக்கிறது.

கமராவைச் சற்று அருகில் கொண்டுசெல்கிறேன், இலை நுனியைப் பாருங்கள். இத்தண்டு தானாக நிமிர்ந்து நிற்கும் வலிமையற்றது. எனவே ஒவ்வோர் இலையின் நுனியும் நீண்டு சுருண்டு ஒரு பற்றுத் தந்தாக மாறி, அருகிலுள்ள சுள்ளியைச் சுற்றிக்கொள்கிறது. வெட்டவெளியில் தனித்து முளைத்தது தரையில் படுத்துக் கிடக்கும். பற்றையை முழுவதுமாகத் துப்புரவாக்கிய காணிகளில் இப்பூ குறைந்துபோவதற்கு, பிடித்து ஏறக் கொம்பு இல்லாமற்போவதும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

இனிப் பூவுக்கு வருவோம். மொட்டு பச்சை நிறத்தில் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது அதன் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து, அலையலையான ஓரங்களோடு மேல்நோக்கி நிற்கின்றன. முதலில் அடிப்பகுதி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் இருக்கும். நாட்கள் செல்லச் செல்ல முழுவதும் செம்மையேறிவிடும். ஆறு கேசரங்களும் கீழே எல்லாத் திசைகளிலும் பரந்து நிற்க, அவற்றின் முனையில் மகரந்தக்கூடுகள் தொட்டால் அசையும்படி பொருந்தியிருக்கின்றன. எல்லாவற்றையும்விட விந்தையானது, விதை உருவாகும் சூலகத்திலிருந்து நீளும் காம்பான தம்பம். சூலகத்திலிருந்து நேராக இறங்காமல், அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்து, பூவுக்கு வெளியே பக்கவாட்டில் நீண்டு, மகரந்தத்தை ஏற்கும், மூன்றாகப் பிரிந்த குறியோடு முடிகிறது.

இந்த வளைவு வெறும் அழகுக்காக அமைந்ததன்று. ஒவ்வோர் இதழின் அடியிலும் தேன் சுரக்கிறது. தேனெடுக்க வரும் வண்ணத்துப்பூச்சி இதழ்விட்டு இதழ் தாவிப் பூவைச் சுற்றி வரவேண்டியிருப்பதால், அதன் சிறகுகள் மகரந்தக்கூடுகளிலும் குறியிலும் உரசுகின்றன. மகரந்தம் பூச்சியின் சிறகிலேயே பயணம் செய்வதையும், பூ கீழ்நோக்கித் தொங்குவது ஒரு செடியின் மகரந்தம் இன்னொரு செடியின் பூவைச் சேரும் அயன்மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவதையும் தென்னாபிரிக்காவில் செய்யப்பட்டு 2020 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தம்பம் ஒதுங்கி நிற்பதால் பூவின் சொந்த மகரந்தம் அதன் குறியில் விழும் வாய்ப்பும் குறைகிறது. தேன்சிட்டுகளும் இப்பூவை நாடுவதுண்டு.

அதோ, அந்த இலையில் ஒரு புழு இருக்கிறது: கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும். இது பொலிதேலா குளோரியோசே என்னும் அந்துப்பூச்சியின் புழு. இச்செடியையும் லில்லி இனச் செடிகளையும் தின்று வளர்வது. வீட்டில் இச்செடியை வளர்ப்பவர்கள் இதைக் கண்டதும் மருந்து தெளிக்க ஓடுகிறார்கள். எனக்கோ பூவைவிட இந்தப் புழுவே பெரிய வியப்பு, ஏனென்றால் அது தின்பது கொடிய நஞ்சு. செடியின் எல்லா உறுப்புகளிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்சிசின் என்னும் காரப்போலி உள்ளது. அது உடற்கலங்களிலுள்ள நுண்குழாய்கள் உருவாவதைத் தடுத்து, மரபுப்பொருளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் பிரிந்து செல்ல முடியாதபடி கலப்பிரிவை நிறுத்திவிடுகிறது. மனிதரில் முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றும். பின்னர் உள்ளுறுப்புகள் செயலிழக்கும். பிழைத்தவர்களுக்கு முடி கொட்டுவதும் உண்டு. உண்ணும் கிழங்கென்று தவறாக எண்ணி அவித்துச் சாப்பிட்டவர்கள் நம் நாட்டில் உயிரிழந்திருக்கிறார்கள். அவிப்பதால் இந்த நஞ்சு நீங்குவதில்லை. தயவுசெய்து பிள்ளைகளை இக்கிழங்கைத் தொட விடாதீர்கள், யாராவது உண்டுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இதே கொல்சிசின் மிகச் சிறிய அளவில் கீல்வாத வகைகளுள் ஒன்றான கவுட் நோய்க்கு மருந்தாகிறது. அதற்காகவே தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல், திருப்பூர்ப் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதனைப் பந்தலிட்டுப் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். அங்கே காலையில் ஆட்கள் பூப்பூவாகச் சென்று மகரந்தத்தைக் கையால் குறியில் தடவுகிறார்கள். இங்கே பற்றைக்குள் வண்ணத்துப்பூச்சி கூலியில்லாமல் செய்வதும் அதே வேலைதான்.

வீட்டு முற்றத்தில் வைக்கக் கிழங்கைத் தோண்டிச் செல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கவையின் நுனி முறிந்தால் அந்தக் கவை முளைக்காது, காட்டிலும் ஒரு செடி குறையும். விரும்பினால் மழை ஓய்ந்த பின் வாருங்கள். அப்போது காய்கள் முற்றி மூன்றாகப் பிளந்து, சிவந்த விதைகள் வெளியே தெரியும். கையுறை அணிந்து சிலவற்றை மட்டும் எடுத்து, அடுத்த மாரிக்கு முன் மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். முளைக்க மாதக்கணக்காகும். முதற்பூவைக் காண மூன்று நான்கு ஆண்டுகள்கூடச் செல்லலாம், ஏனெனில் அந்தச் சிறிய கிழங்கு ஒவ்வொரு மாரியிலும் சற்றுப் பருத்த பின்புதான் பூக்கும் வலிமையைப் பெறுகிறது.