அழுகிய வாழைப்பழமும் அழுகாத தாளும்

நடுவர் அவர்களுக்கும், மழை வருமோ என்று வானத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் அவையோருக்கும் வணக்கம்.

"ஆசிய நாடுகளின் உறவைக் காப்பது வணிகமா, ஒப்பந்தமா?" என்பது தலைப்பு. வணிகமே என்று பேசிய எதிரணித் தலைவர் அழகான ஒரு கதை சொன்னார். அவர் தெருவில் மளிகைக் கடைக்காரருக்கும் எதிர்வீட்டுக்காரருக்கும் பத்து வருடமாக முகம் பார்த்துப் பேச்சில்லையாம். ஆனால் மாதம் பிறந்தால் பலசரக்குச் சீட்டு கடைக்குப் போய்விடுமாம். அந்த வியாபாரம்தான் சண்டையை முற்றவிடாமல் வைத்திருக்கிறதாம். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. பேச்சே இல்லாத இடத்தில் கடன் எப்படி நடக்கிறது? கடையில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது ஐயா! அந்த நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, அடுத்த மாதம் ஒரு படி அரிசி கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த நோட்டுக்காகத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

வாங்குகிறவனும் விற்கிறவனும் அடித்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். பிலிப்பைன்ஸ் வாழைத்தோட்டக்காரரிடம் போய் இதைச் சொல்லுங்கள். 2012 ஏப்ரலில் தென்சீனக் கடலில் ஸ்கார்பரோ திட்டு என்ற பாறைத்திட்டின் அருகே சீனக் கப்பல்களும் பிலிப்பைன்ஸ் கப்பல்களும் முறைத்துக்கொண்டு நின்றன. அடுத்த சில வாரங்களில் சீனத் துறைமுகங்களில் பிலிப்பைன்ஸ் வாழைப்பழம் தேங்கியது. பழத்தில் பூச்சி இருக்கிறதாம், சோதனை முடியவில்லையாம். அத்தனை ஆண்டுகள் பெரிதாகத் தெரியாத பூச்சி, கப்பல் சண்டை வந்ததும் பூதமாகிவிட்டது! பழம் பெட்டியிலேயே அழுகியது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அவர்கள் கப்பல் கணக்கில் செய்து காட்டினார்கள். இங்கே வணிகம் உறவைக் காத்ததா? சண்டைக்கு ஆயுதமாகப் போய் நின்றது.

தென்கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடந்ததும் இதுதான். இரண்டாம் உலகப் போரில் கொரியர்களைக் கட்டாயமாக வேலை வாங்கியதற்கு ஜப்பான் நிறுவனங்கள் இழப்பீடு தர வேண்டும் என்று 2018-ல் தென்கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019 ஜூலையில் ஜப்பான், கணினிச் சில்லும் கைபேசித் திரையும் செய்யத் தேவையான மூன்று வேதிப்பொருள்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. வழக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பாதுகாப்புக் காரணம் என்றார்கள். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

அடுத்து, இந்திய–சீன எல்லையில் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கு. இதைச் சொல்லும்போது குரலை உயர்த்த எனக்கு மனம் வரவில்லை. 2020 ஜூன் 15 இரவு நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார். எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "ஒப்பந்தம் இருந்துதானே இத்தனை உயிர் போனது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, நழுவ மாட்டேன். ஆனால் அன்று அவர்கள் எதைக் கொண்டு மோதினார்கள் என்று அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். கல், தடி, ஆணி அடித்த இரும்புக் கம்பி. இரண்டு பக்கமும் அணுகுண்டு வைத்திருக்கிற நாடுகள். எதிரே இருப்பவன் முகம் தெரியாத இருட்டு. உறைய வைக்கும் ஆறு. அத்தனை வெறியிலும் ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது என்று 1996-ல் இரண்டு அரசுகளும் எழுதி வைத்த ஒரு பிரிவு இருக்கிறது. நம் வீரர்களிடம் ஆயுதம் இருந்தது, அந்த உடன்பாட்டால்தான் அவர்கள் பயன்படுத்தவில்லை என்று வெளியுறவு அமைச்சரே விளக்கினார். 20 உயிரைக் காக்க அந்தத் தாளால் முடியவில்லை. அந்த இரவு ஒரு போராக மாறாமல் இருந்ததில் அதற்குப் பங்கு இல்லை என்று நெஞ்சில் கை வைத்து யாராவது சொல்லட்டும்.

அதே கல்வானில் வணிகம் என்ன செய்தது? ஒன்றுமே செய்யவில்லை. அடுத்த ஆண்டு, 2021-ல், இந்திய–சீன வணிகம் 12,500 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை இல்லாத உச்சம்! எல்லையில் படைகள் நேருக்கு நேர் நிற்கின்றன, துறைமுகத்தில் கன்டெய்னர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வணிகம் வளர்ந்தால் உறவு வளரும் என்றால், 2021-ல் டெல்லியும் பெய்ஜிங்கும் சம்பந்தியாகி இருக்க வேண்டும்.

இந்தியாவையும் பாகிஸ்தானையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் பாகிஸ்தானுக்கு வணிகத்தில் 'மிகவும் வேண்டப்பட்ட நாடு' என்ற தகுதியை இந்தியா தந்தது. 2019 பிப்ரவரியில், புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, அது திரும்பப் பெறப்பட்டு 200 சதவீத வரி விழுந்தது. ஆகஸ்டில் பாகிஸ்தான் தன் பங்குக்கு வணிகத்தையே நிறுத்தியது. அடைத்தது சரியா தவறா என்பது இன்றைய தலைப்பு அல்ல. கோபம் வந்ததும் முதலில் சாத்தப்படுவது கடைக்கதவு. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கதவு சாத்தப்படவில்லை. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்கக்கூடாது என்று 1988 டிசம்பர் 31 அன்று இரண்டு நாடுகளும் கையெழுத்திட்டன. அதன்படி ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று, "எங்கள் அணு நிலையங்கள் இவை" என்று பட்டியல் எழுதி ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும். 1992-ல் தொடங்கியது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டு, எல்லையில் இரு படைகளும் குவிந்துகொண்டிருந்த நேரம். 2002 ஜனவரி 1 வந்தது, பட்டியல் கைமாறியது. மும்பைத் தாக்குதல் முடிந்து ஐந்தே வாரம். 2009 ஜனவரி 1, பட்டியல் கைமாறியது. வணிகமும் நின்று, தூதர்களும் திரும்பிவிட்ட 2019 கழிந்து 2020 பிறந்தது. அன்றும் கைமாறியது. நம் வீடுகளில் ஒரு வருத்தம் வந்தால் பொங்கல் வாழ்த்துகூடச் சொல்வதில்லை, நடுவர் அவர்களே!

இங்கே எதிரணியினர் சிந்து நதி, சிந்து நதி என்று சைகை காட்டுகிறார்கள். தெரிகிறது. 1960-ல் சிந்து நீரைப் பங்கிட நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப்கானும் கராச்சியில் கையெழுத்திட்ட ஒப்பந்தம். 1965, 1971, 1999 என்று மூன்று சண்டைகளைத் தாண்டி நின்றது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது. தாள் என்றால் தோற்காது என்று நான் சொல்லவில்லை. 65 ஆண்டு நின்ற ஒரு வணிக உறவை இதே இரண்டு நாடுகளுக்கிடையே காட்டுங்கள், நான் மைக்கை விட்டு இறங்கிவிடுகிறேன்.

சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே நடப்பது சுத்தமான வியாபாரம் என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். 1962-ல் எழுதிய ஒப்பந்தப்படி சிங்கப்பூர் மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். விலை, ஆயிரம் கேலனுக்கு 3 சென். ஆமாம், மூன்று காசு! 1962-லும் மூன்று, இன்றும் மூன்று. இந்த விலை கேலிக்குரியது என்று அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் 2018-ல் பொங்கினார். வியாபாரக் கண்ணால் பார்த்தால் அவர் பொங்கியது சரிதான். எந்த வியாபாரி அறுபது வருடம் ஒரே விலைக்கு விற்பான்? ஆனாலும் குழாய் மூடப்படவில்லை, ஏனென்றால் 2061 வரை என்று எழுதியிருக்கிறது. இதற்கு முந்தைய 1961 ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31 அன்று முடிந்தது. அன்றைக்கு சிங்கப்பூர் என்ன செய்தது? தான் நடத்திவந்த நீரேற்று நிலையங்களையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் காசு வாங்காமல் ஜொகூர் மாநிலத்திடம் ஒப்படைத்துவிட்டு வந்தது. குத்தகை முடிந்த வீட்டைப் பெருக்கிச் சாவி கொடுத்தது போல.

இனி, நான் பேசாமல் போய்விடுவேன் என்று எதிரணி நினைக்கும் விஷயம். "கச்சத்தீவும் ஒப்பந்தம்தானே?" என்றதும் கூட்டத்தில் எழுந்த சத்தம் எனக்கும் கேட்டது. 1974-ல் எழுதப்பட்டது. கச்சத்தீவுக்குப் போய்வந்துகொண்டிருந்த மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் முன்போலவே போகலாம் என்று அதில் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்துப் படகுகள் கிளம்புவதற்கு ஆதாரம் அந்த வரிதான். மீன்பிடிக்கும் உரிமையை அடைத்தது 1976-ல் மாற்றிக்கொண்ட கடிதங்கள். அங்கே என் குறை தாளின் மீது இல்லை. கடலில் இறங்குகிறவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினார்களே, அதன் மீதுதான்.

கேட்டு எழுதினால் எப்படி இருக்கும்? அதே 1974-ல் இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரகுமானும் இன்னொரு ஒப்பந்தம் போட்டார்கள். வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 நிலத்துண்டுகள், இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51 துண்டுகள். அங்கே உள்ளவர்கள் இவற்றை 'சிட்மகால்' என்பார்கள். ராஜாக்கள் சதுரங்கத்தில் பந்தயம் வைத்துத் தோற்ற ஊர்கள் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, மக்களை வைத்து விளையாடியது நிஜம். ஒரு சணல் வயல் இருந்தது: வங்கதேசத்துக்குள் இந்தியா, அதற்குள் வங்கதேசம், அதற்குள் மறுபடி இந்தியா! தன் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக அயல்நாட்டைக் கடக்க வேண்டும். மின்சாரம் இல்லை, அடையாள அட்டை இல்லை. 41 ஆண்டு கிடப்பில் கிடந்த அந்தத் தாளைத் தூசி தட்டி எடுத்து, அரசியல் சட்டத்தைத் திருத்தி, 2015 ஜூலை 31 நள்ளிரவில் நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். அங்கிருந்த 50 ஆயிரத்துச் சொச்சம் பேரிடமும், உங்களுக்கு எந்த நாடு வேண்டும் என்று கேட்டார்கள். இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுகளின் மக்கள் இந்தியாவையே கேட்டார்கள். அந்தப் பக்கம் இருந்த சுமார் 37 ஆயிரம் பேரில் இங்கே வர விரும்பியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் தங்கள் வயலோடு தங்கிவிட்டார்கள். ஒரு தோட்டா செலவாகவில்லை. எந்தச் சந்தையில், எந்த வியாபாரத்தில் இதை வாங்க முடியும்?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். வழக்கமாகத் தீர்ப்பை வாயால் சொல்வீர்கள். இன்று ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் எதிரணியினர் என் பக்கத்தில்தான் உட்காரப்போகிறார்கள்.