கடை வாசலில் பேக்கைத் திறந்து காட்டச் சொல்லலாமா? சந்தேகமும் விளக்கமும்

வணக்கம். இண்டைக்கு எடுக்கிற கேள்வி வெள்ளவத்தையில இருந்து வந்திருக்கு. காலி வீதிப் பக்கம் ஒரு சுப்பர் மார்க்கெட்டில கெஷியரா வேலை செய்யிற தங்கச்சி ஒராள் அனுப்பியிருக்கிறா. வாசிக்கிறன்.

"வெளிய போற ஆக்கள்ட பேக்கைப் பார்த்துத்தான் விடவேணும் எண்டு மனேஜர் சொல்லுறார். போன கிழமை ஒரு அன்ரி காட்டமாட்டன் எண்டு சொல்லிட்டா. செக்கியூரிட்டி பேக்கைப் பிடிச்சு இழுக்கப்போய் பெரிய சண்டையாப் போச்சு. கடைசியில பேக்கில ஒண்டும் இல்லை. எங்களுக்கு அப்பிடிப் பார்க்க உரிமை இருக்கா? இல்லாட்டி களவெடுக்கிற ஆக்களை எப்பிடித்தான் பிடிக்கிறது?"

நல்ல கேள்வி தங்கச்சி. முதல் பாதிக்கு நேரடியாவே பதில் சொல்லுறன். கேட்கலாம். அவ விரும்பிக் காட்டினா பார்க்கலாம். காட்டமாட்டன் எண்டா அந்தப் பேக்கில கை வைக்க ஏலாது. மனேஜருக்கும் ஏலாது, செக்கியூரிட்டிக்கும் ஏலாது. செக்கியூரிட்டி யூனிஃபோர்ம் போட்டிருக்கிறதால பொலிஸ் அதிகாரம் வந்திடாது. சட்டத்தின் கண்ணில அவரும் உங்களையும் என்னையும் போல ஒரு தனியாள்தான்.

'உங்கள் பைகள் பரிசோதிக்கப்படலாம்' எண்டு வாசல்ல போர்ட் போட்டிருக்கே எண்டு சில கடைக்காரர் கேட்பினம். போர்ட் நல்லதுதான், மூண்டு மொழியிலயும் இருந்தா இன்னும் நல்லது. ஆனா அது ஒரு முன்னறிவித்தல், அவ்வளவுதான். அதைப் பார்த்திட்டு உள்ள வந்த ஆள் கடைசி நேரத்தில மனசை மாத்தலாம். அப்ப கடை என்ன செய்யலாம்? அடுத்த முறை உள்ள விடாம விடலாம். போர்டைக் காட்டிப் பேக்கைப் பறிக்க ஏலாது.

இதில ஒரு குழப்பமும் கலந்திருக்கு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில கன இடங்கள்ல உள்ள போகேக்க பேக்கைத் திறந்து காட்டுறது பழக்கமாப் போச்சு. அது பாதுகாப்புக்கான சோதனை, எல்லாருக்கும் ஒரே மாதிரி. வெளிய வரேக்க ஒராளை மட்டும் மறிச்சு "பேக்கைத் திற" எண்டு சொல்லுறது வேற விசயம். பின்னால பத்துப் பேர் வரிசையில நிக்க, அந்த ஒரு சொல்லே "நீ கள்ளி" எண்டு சொல்லுற மாதிரித்தான். அந்த அன்ரிக்கு வந்த கோவம் நியாயமான கோவம்.

இனி ரெண்டாவது பாதி, களவைப் பிடிக்கிறது. இதை விளங்கிக்கொள்ள களவு எண்டா என்னெண்டு தெரிய வேணும். எங்கட தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவுப்படி, இன்னொருத்தரிட்ட இருக்கிற அசையும் பொருளை, அவர்ட சம்மதம் இல்லாம, நேர்மையில்லாத எண்ணத்தோட எடுக்கப் பார்த்து அதை அசைச்சா அது களவு. சுப்பர் மார்க்கெட்டில ராக்கையில இருந்து சாமானை எடுக்கிறதுக்குக் கடையே சம்மதம் தந்திருக்கு. அதனால எடுத்ததை வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. பிரச்சினை முழுக்க அந்த 'எண்ணம்' எண்ட சொல்லிலதான் நிக்குது. இப்ப கன பேர் வீட்டில இருந்து துணிப் பை கொண்டு வருகினம். கூடை எடுக்காம, ரெண்டு சாமானை அந்தப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு கவுன்டருக்கு வருவினம். அது களவில்லை. காசு கட்டுற இடத்தைக் கட்டாமத் தாண்டிப் போனாத்தான் எண்ணம் வெளிய தெரியும். ராக்கைக்குப் பக்கத்தில வச்சு ஆளைப் பிடிச்சா, "கட்டத்தானே போனனான்" எண்டு அவர் சொல்லுவார். அதுக்கு உங்களிட்டப் பதில் இராது.

தனியாள் ஒருத்தர் இன்னொருத்தரைப் பிடிச்சு வைக்கலாமா? 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவு அதுக்கு ஒரு சின்ன வழி விட்டிருக்கு. பிடியாணை இல்லாமப் பிடிக்கக்கூடிய குற்றத்தை உங்கட கண்முன்னால ஒருத்தர் செய்தா, அவரைப் பிடிக்கலாம். பிடிச்சா வீணாத் தாமதிக்காமப் பொலிஸிட்ட ஒப்படைக்க வேணும். 'கண்முன்னால' எண்டதைக் கவனியுங்கோ. சந்தேகம், முகபாவம், போட்டிருக்கிற உடுப்பு, "போன முறையும் இந்தாள் வந்தது" எண்ட கதை, இதெல்லாம் கண்முன்னால நடந்ததாகாது. அதை மீறி ஆளை மறிச்சு வச்சா, அதே தண்டனைச் சட்டக்கோவையின் 330, 331ஆம் பிரிவுகள் உங்கட பக்கம் திரும்பும். முறையில்லாமத் தடுக்கிறது, அடைச்சு வைக்கிறது எண்டு அவை சொல்லுறது இதைத்தான்.

அதனால தொழில் தெரிஞ்ச ஆக்கள் ஒரு சங்கிலி வச்சிருப்பினம். ஆள் ராக்கைக்கு வெறுங்கையோட போனதைப் பார்த்தீங்களா? அவர் எடுத்ததைப் பார்த்தீங்களா, எடுத்தது என்ன சாமான் எண்டு சொல்ல ஏலுமா? ஒளிச்சதைப் பார்த்தீங்களா, ஒளிச்சது எங்க? அந்த நேரத்தில இருந்து கண்ணை எடுக்காமப் பார்த்துக்கொண்டு வந்தீங்களா? கடைசியா, கவுன்டரைக் கட்டாமத் தாண்டினதைப் பார்த்தீங்களா? அஞ்சும் ஓம் எண்டா மட்டும் கிட்டப் போங்கோ. இதில அதிகமா அறுகிறது நாலாவது கண்ணி. நீங்க மனேஜரைக் கூப்பிடத் திரும்பின அரை நிமிசத்தில ஆள் பயந்து சாமானைப் பிஸ்கட் ராக்கைக்குப் பின்னால வச்சிருப்பார். நீங்க வாசல்ல மறிப்பீங்க, பேக்கில ஒண்டும் இராது. உங்கட கடையில நடந்ததும் அப்பிடி ஒண்டாயிருக்கலாம், அல்லது தொடக்கத்திலேயே ஒண்டும் இல்லாம இருந்திருக்கலாம். கண் விட்டுப்போனா ஆளையும் விட்டிடுங்கோ. ஒரு பால்மா பக்கெட் போனா போகட்டும்.

கிட்டப் போறதெண்டா ரெண்டு பேர் போங்கோ. போறது பொம்பிளையிட்ட எண்டா ஒராளாவது பொம்பிளையா இருக்க வேணும். முன்னால போய்க் குறுக்க நிக்காமப் பக்கத்தில நில்லுங்கோ, வெளிய போற வழி அவவுக்குத் திறந்தே இருக்கட்டும். குரல் பக்கத்தில நிக்கிறவருக்குக் கேட்கக் கூடாது. "அன்ரி, ஒரு சாமான் பில்லில விடுபட்டிருக்கு போல. கவுன்டருக்கு ஒருக்கா வாறீங்களா?" இவ்வளவு போதும். களவு, கள்ளி எண்ட சொல் உங்கட வாயில வரவே கூடாது. குற்றவியல் அவதூறுச் சட்டத்தை 2002இல எடுத்துப்போட்டாலும், மானத்துக்கு நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுற வழி இண்டைக்கும் இருக்கு. மறதியில விட்டவவா இருந்தா, "ஐயோ பிள்ளை, பார்க்கேல்ல" எண்டு காசைக் கட்டிட்டுப் போயிடுவா. வயசான ஆக்கள்ல இது உண்மையிலேயே நடக்கும்.

வாசல்ல இருக்கிற அலாரம் அடிச்சா? அலாரம் சாட்சி இல்லை. ஏன் எண்டு விளங்கவேணுமெண்டா, களவைத் தடுக்கச் சாமானில ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்கோ. நாலு சென்றிமீற்றர் அளவில சதுர ஸ்டிக்கர் எண்டா, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்க்க உள்ள நத்தை ஓடு மாதிரி உலோகச் சுருள் தெரியும். அது பெரும்பாலும் 8.2 மெகாஹேர்ட்ஸ் வகை. கவுன்டர்ல இருக்கிற தட்டு அதுக்குள்ள ஒரு நுண்ணிய இடத்தைச் சுட்டுச் செயலிழக்க வைக்கும். மற்றது நீட்டு வெள்ளை பிளாஸ்டிக் துண்டு, ஆட்டினா உள்ள மெல்லிய உலோகப் பட்டி கிலுகிலுக்கும். அது 58 கிலோஹேர்ட்ஸ் வகை, அதின்ட காந்தத்தை எடுத்தாத்தான் அடங்கும். கெஷியர் அவசரத்தில சாமானைத் தட்டுக்கு ஒரு சாண் மேலால கொண்டு போனா ரெண்டுமே சாகாது. ரெண்டு சாமானை ஒண்டா அடுக்கிக் கொண்டு போனாலும், லேபிள் பெட்டியின் மூலையில மடிஞ்சு ஒட்டியிருந்தாலும் அதே கதைதான். பக்கத்துக் கடையில வாங்கின உடுப்பில உயிரோட இருக்கிற லேபிளும் உங்கட வாசல்ல கத்தும். எதிர்மாறா, டின் சாமானில நேரா ஒட்டின லேபிளை உலோகம் மறைக்கும், களவு போனாலும் சத்தம் வராது.

அதனால அலாரம் அடிச்சா முதல்ல பிழையை உங்கட பக்கம் எடுத்துக்கொள்ளுங்கோ. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, எங்கட ஸ்டிக்கர் சரியா எடுபடேல்ல போல" எண்டு சொல்லி, வாங்கின சாமான் பேக்கை மட்டும் வாசலுக்கால விடுங்கோ. கத்தினா சாமானை ஒவ்வொண்டாக் கொண்டு போங்கோ. எது கத்துதோ அதைப் பில்லில தேடுங்கோ. பத்தில ஒன்பது தரம் அது பில்லில இருக்கும். ஹேண்ட்பேக்குக்குள்ள நீங்க கை விட வேண்டிய தேவையே வராது. அதுக்குள்ள மருந்து இருக்கும், மாதவிடாய்த் துவாய் இருக்கும், சம்பளக் காசு இருக்கும். அவவே திறந்து அவவே எடுத்துக் காட்டட்டும். உடம்பைத் தடவிப் பார்க்கிற கதையே வேண்டாம். பொலிஸ் சோதிச்சாலும் பொம்பிளையைப் பொம்பிளைதான் சோதிக்க வேணும் எண்டு சட்டம் சொல்லுது. கடைக்கு அந்த அதிகாரமே இல்லை.

சரி, அஞ்சு கண்ணியும் சரி, ஆள் உண்மையிலேயே எடுத்திருக்கு. இதிலதான் கடைகள் பெரிய பிழை விடுகிறது. 2023இல பொரளையில ஒரு சுப்பர் மார்க்கெட்டில, களவு எண்டு பிடிபட்ட பொம்பிளையை ஊழியர்கள் அடிக்கிற வீடியோ நாடு முழுக்கச் சுத்தினது ஞாபகம் இருக்கும். பொலிஸ் அந்த ஊழியர்களைக் கைது செய்தது. எடுத்த சாமானுக்கு என்ன பெறுமதியோ, அடிச்ச கைக்கு அதை விடப் பெரிய விலை. ஆளை இருத்துறதெண்டா கதவு திறந்த இடத்தில, பொம்பிளை ஊழியர் ஒராள் பக்கத்தில இருக்க, தண்ணி குடுத்து இருத்துங்கோ. 119க்கோ கிட்டடிப் பொலிஸுக்கோ உடன எடுங்கோ. ஃபோனைப் பறிக்க வேண்டாம். படம் எடுத்து வட்ஸ்அப் குரூப்பில போட வேண்டாம். "பத்து மடங்கு காசைக் கட்டு, இல்லாட்டி பொலிஸ்" எண்டு சில இடங்கள்ல கேட்கினம். பயமுறுத்திக் காசு வாங்குறது தண்டனைச் சட்டக்கோவையின் 372ஆம் பிரிவின் கீழ வேற ஒரு குற்றமா மாறும்.

களவை ஒப்புக்கொள்ளுறதாக் கடிதம் எழுதி ஒப்பம் வாங்குறதையும் விடுங்கோ. இதைத் தமிழ் ஆக்களுக்கு அழுத்திச் சொல்லுறன். கொழும்பில கன தரம் சிங்களத்தில எழுதின தாளை நீட்டி "இதில சைன் பண்ணிட்டுப் போங்க" எண்டு சொல்லுவினம். வாசிக்க விளங்காத தாளில ஒப்பம் போடாதேங்கோ. பொலிஸிலயும் உங்கட வாக்குமூலத்தைத் தமிழில எழுதச் சொல்லிக் கேளுங்கோ. 1987இன் 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி.

சின்னப் பிள்ளையெண்டா முதல்ல தாய் தகப்பனைக் கூப்பிடுங்கோ. 12 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை செய்யிறது சட்டப்படி குற்றமே இல்லை.

கமரா வச்சிருக்கிற கடைகள் ஒரு சின்ன வேலை செய்யுங்கோ, இண்டைக்கே செய்யுங்கோ. கமராப் பெட்டியில ஓடுற நேரத்தையும் பில்லில அடிக்கிற நேரத்தையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. அஞ்சு நிமிசம் வித்தியாசம் இருந்தா, எந்தப் பில் எந்த ஆள்ட எண்டு பிறகு பொருத்தவே ஏலாது. பதிவும் சில கிழமையில தானா அழிஞ்சு, மேல புதுசு எழுதுப்படும். சம்பவம் நடந்த அண்டைக்கே பிரதி எடுத்து வையுங்கோ.

உங்கட மனேஜருக்கு ஒண்டு சொல்லுங்கோ தங்கச்சி. இழப்பைக் குறைக்கிறதுக்கு பேக் சோதனை ஆகப் பலவீனமான வழி. எடுக்கிற ஆள் சட்டைக்குள்ள வைப்பார், பேக்கில வைக்கமாட்டார். டிராலிக்குக் கீழ்த் தட்டில இருக்கிற அஞ்சு லீற்றர் தண்ணிப் போத்தலும் அரிசி மூட்டையும் பில் போடாமப் போறது கூட. அதைக் கெஷியர் குனிஞ்சு பார்த்தாலே போதும். நிறுத்துப் போடுற சாமானில போஞ்சி ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு இறால் வரும். சவர பிளேட், பற்றரி, குழந்தைப் பால்மா, சீஸ், வாசனைத் திரவியம், இதுகளைக் கவுன்டருக்குக் கிட்ட கண் படுற இடத்துக்கு மாத்துங்கோ. வாசல்ல பில் பார்க்கிறதெண்டா எல்லாற்ற பில்லையும் பாருங்கோ. கடைசி வரியில இருக்கிற சாமான் எண்ணிக்கை, விலை கூடின ரெண்டு சாமான், முடிஞ்சுது. இருபது செக்கன் வேலை. தமிழ் கதைக்கிற ஆளுக்கு மட்டும், பழைய உடுப்புப் போட்ட ஆளுக்கு மட்டும் எண்டு தெரிஞ்சு பார்க்கத் தொடங்கினா, அது அவமதிப்பு. அதோட, நல்லா உடுத்திக்கொண்டு வந்து எடுக்கிற ஆள் சிரிச்சுக்கொண்டு போயிடுவார்.

வெளிப் பேக்குக்கு உள்ள வரேக்கையே வழி செய்யுங்கோ. டோக்கன் குடுத்து வாங்கி வைக்கலாம். ஆனா காசு, ஃபோன், நகை, லப்டொப் இருக்கிற பேக்கை வாங்க வேண்டாம். 'பொறுப்பில்லை' எண்டு போர்ட் போட்டதால மட்டும் பொறுப்புக் கழண்டுபோகாது. அதுக்குப் பதிலா ஸிப்பில ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டி போட்டுவிடுங்கோ, வெளிய வரேக்க கத்தரிக்கோலால வெட்டிவிடலாம். பேக் அவவின் கையிலயே இருக்கும்.

வாங்கப் போற ஆக்களுக்கும் ஒண்டு. பாமசியில பற்பசையோ சவர்க்காரமோ வாங்கிட்டு அப்பிடியே சுப்பர் மார்க்கெட்டுக்குள்ள போறதெண்டா, அந்தப் பில்லைக் கையில வச்சிருங்கோ. வாசல்ல நிக்கிற ஆளிட்ட சாமானைக் காட்டி ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கோ. ஒட்டினாப் பிறகு உள்ள போங்கோ.