வாசகர் கடிதங்களை என்ன செய்வது?

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், அறிவியல் புனைகதை ரசிகர் இதழ் தொடங்க முனைந்திருக்கும் இளைஞர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, இதழ் நடத்தப்போவது நீங்கள் என்பதால் இந்த உரை பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

கதை எழுதுவது எப்படி, அட்டை போடுவது எப்படி என்று சொல்லித்தர ஆள் இருக்கிறது. கடிதப் பக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கதைகள் எல்லாம் அடங்கியபின் அரைப் பக்கம் மிஞ்சினால் ‘வாசகர் குரல்’ என்று தலைப்பிட்டு, ‘இதழ் அருமை, மேலும் வளர வாழ்த்துகள்’ என நாலு வரி. அதோடு சரி. இப்படி நடக்கும் இதழில் இரண்டு மூன்று கதை எழுதியவர் பிறகு எழுத மாட்டார். கையில் காசு இல்லாமல் நின்ற சிற்றிதழைவிட, யாராவது படித்தார்களா என்றே தெரியாமல் நின்றுபோன சிற்றிதழ்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

ரசிகர்களே நடத்தும் இந்த வகை இதழே கடிதத்தில் பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழைத் தொடங்கினார். அதன் கடிதப் பகுதியில் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியும் அச்சானது. ஒருவர் கடிதத்தைப் படித்த இன்னொருவர், ஆசிரியரை விட்டுவிட்டு நேரே அவருக்கே எழுதத் தொடங்கினார். அப்படிச் சேர்ந்த கடித நண்பர்கள் சிகாகோவில் ஒரு சங்கம் அமைத்து, 1930 மே மாதம் ‘தி காமெட்’ என்ற இதழை வெளியிட்டார்கள். ரே பால்மர் அதன் ஆசிரியர். உலகின் முதல் அறிவியல் புனைகதை ரசிகர் இதழ் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். அதாவது வாசகர் கடிதம் எழுதியவர்களே இதழாளர்கள் ஆனார்கள்.

மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் என்ற சிறிய ஊரில் ஹாரி வார்னர் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். கையில் கிடைத்த ரசிகர் இதழ்களுக்கெல்லாம், படித்ததைத் தொட்டு விரிவாகக் கடிதம் எழுதுவார். அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதுகளில், சிறந்த ரசிகர் எழுத்தாளருக்கானதை 1969இலும் 1972இலும் பெற்றார். பெரிய மாநாட்டு நகரத்தில் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று நினைக்கிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, வேலைக்கு வருவோம். கடிதம் தானாக வராது. ‘உங்கள் மேலான கருத்துகளை எழுதுங்கள்’ என்று போட்டால் மேலான கருத்துதான் வரும், அதாவது ஒன்றும் வராது. ஒவ்வொரு கதை முடியும் இடத்திலும், அந்தப் பக்கத்திலேயே, ஒரே ஒரு கேள்வி போடுங்கள். கடைசிப் பக்கத்தில் மொத்தமாகப் போட்டால் யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. ‘இயந்திரக் கங்காணி கூலியைக் குறைத்தது கணக்குப் பிழையா, வேண்டுமென்றே செய்ததா? கதைக்குள் இருந்தே காரணம் காட்டுங்கள்’ என்பதுபோல இருக்க வேண்டும். பதில் சொல்ல வாசகர் கதையை இன்னொரு முறை புரட்ட வேண்டும். அதுதான் நமக்கு வேண்டியது. கேள்விக்குக் கீழே கடைசித் தேதியை நாளும் மாதமுமாக எழுதுங்கள். ‘விரைவில்’ என்பதற்கு நம் ஊரில் பொருளே கிடையாது.

அனுப்பும் வழி மூன்று வைத்தால் போதும். இதழுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று. தனி முன்கட்டண எண்ணில் புலனம் (வாட்ஸ்அப்). ஆசிரியரின் சொந்த எண்ணைக் கொடுத்தால் இரவு பதினொன்றுக்கும் அழைப்பார்கள், அவர் ஊர் மாறினால் இதழின் தொடர்பும் போய்விடும். மூன்றாவது, ஆள் நடமாட்டமுள்ள ஓர் ஒட்டுக்கடையிலோ புத்தகக் கடையிலோ பூட்டிய பெட்டி. பெட்டியை வாரம் ஒருமுறை திறந்தே ஆக வேண்டும். மழைச்சாரல் படும் இடத்தில் வைத்தால் பால்பாயின்ட் எழுத்து தப்பும், மைப்பேனா எழுத்து தப்பாது.

இப்போது வருவதில் பெரும்பங்கு குரல் பதிவுதான். தோட்டத்து லயத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்த மூத்தவர்கள் பலர் எழுத மாட்டார்கள், பேசச் சொன்னால் ஏழு நிமிடம் பேசுவார்கள். அதை ஒதுக்காதீர்கள். கேட்டு எழுதுங்கள், ‘வந்து’, ‘ஆக’, திரும்பச் சொன்னது, இவற்றை எடுத்துவிடுங்கள். பேச்சு வழக்கை அப்படியே விடுங்கள். ‘அப்பவே சொன்னேன் இந்தப் பொட்டிக்கு மனுசன் மூளை வராதுன்னு’ என்று ஒரு பாட்டி சொன்னால், அதைச் செந்தமிழாக்கினால் கடிதம் செத்துவிடும். எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே அச்சுக்குப் போகலாம்.

கணினிக் கடிதத்தில் வேறு தொல்லை. பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் கிரந்த எழுத்தையும், கொம்பும் காலும் சேர்ந்த கொ, கோ வரிசையையும் கண்ணால் பாருங்கள். பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். போட்டோஸ்டேட் கடைக்கு எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் மட்டும் கொண்டுபோங்கள். கடைக் கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும்.

இடக் கணக்கு. ஏ4 தாளை நடுவில் மடித்து ஊசி அடித்தால் ஒரு தாளுக்கு 4 பக்கம். ஆகவே இதழின் பக்க எண்ணிக்கை எப்போதும் 4இன் மடங்கு. 8 தாள், 32 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று விற்கும் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் எடை, 8 தாள் 40 கிராம். 160 கிராம் அட்டை ஒன்று சேர்ந்தால் 50. அஞ்சல் கட்டணம் எடைக்கு ஏற்பப் படி ஏறுவதால், கடிதம் நிறைய வந்துவிட்டதே என்று ஒரு தாளைக் கூட்டும் முன் மாதிரிப் பிரதியைத் தபால் நிலையத்தில் நிறுத்துப் பாருங்கள். 11 புள்ளி எழுத்தில் மடித்த பக்கம் ஒன்றுக்குச் சுமார் 180 சொல் பிடிக்கும். கடிதத்துக்கு 5 பக்கம் ஒதுக்கினால் 900 சொல். 120 முதல் 150 சொல்லில் ஆறு கடிதம் போடலாம். நான் 5 பக்கத்துக்குக் குறையச் சம்மதிக்க மாட்டேன். தேவைப்பட்டால் ஒரு கதையை அடுத்த இதழுக்குத் தள்ளுவேன்.

இடம் பற்றாதவர்களை என்ன செய்வது? பழைய ரசிகர் இதழ்களில் இதற்கு நல்ல வழக்கம் ஒன்று உண்டு. ‘இவர்களும் எழுதினார்கள்’ என்று கடைசியில் பெயர்களை வரிசையாகப் போட்டு, சிலருடையதில் நல்ல வரி ஒன்றை மட்டும் எடுத்துச் சேர்ப்பார்கள். அந்த வரி போதும், அடுத்த முறையும் எழுதுவார். அவர்களுடைய இன்னொரு வழக்கம், கடிதத்தின் நடுவே ஆசிரியர் பதில் சொல்லும்போது இரட்டை அடைப்புக்குறி போடுவது. எது வாசகர் குரல், எது ஆசிரியர் குரல் என்று குழப்பம் வராது. அச்சில் வரக்கூடாத செய்திக்கு ‘மேற்கோள் காட்டாதீர்’ என்று குறியிடுவார்கள். நாமும் ‘அச்சுக்கு அல்ல’ என்று எழுதச் சொல்லலாம். சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பிரதி எடுத்த காலத்தில், அதற்கான ஸ்டென்சில் தாள் ஒவ்வொன்றையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால், கடிதத்தைச் சுருக்குவதில் அவர்களுக்குக் கை தேர்ந்திருந்தது. நமக்கு ஒட்டுவது சுலபம் என்பதால் நீளமாகவே விட்டுவிடுகிறோம்.

சுருக்கும்போது முகமனையும் வாழ்த்தையும் முதலில் எடுங்கள். கதைச் சுருக்கம் சொல்லும் பகுதியை ஒரே வரியாக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் இதழில் போன கதை யாருக்கும் நினைவிருக்காது, ஆகவே அந்த ஒரு வரி மட்டும் கட்டாயம். குறையைச் சொன்ன வரியைச் சுருக்கவே கூடாது. சுருக்கியதை எழுதியவருக்கு அனுப்பி இரண்டு நாள் தவணை கொடுங்கள்.

இனி அறிவியல் திருத்தம். அறிவியல் புனைகதை இதழுக்கு வரும் கடிதங்களில் மிகச் சிறந்தவை இந்த வகைதான், சண்டை வருவதும் இதில்தான். இங்கே நம் ஊருக்கு ஒரு பலம் உண்டு. செவ்வாயில் கண்ணாடிக் கூரைக்குள் பால்மரம் (ரப்பர் மரம்) வளர்த்து, உச்சி வெயிலில் சீவுவதாக ஒருவர் கதை எழுதினால், சுங்கை சிப்புட் வாசகர் உடனே பிடித்துவிடுவார். விடியுமுன் சீவுவதற்குக் காரணம் இருக்கிறது: இரவில் இலை நீரை வெளிவிடுவது குறைந்து, பால்குழாயில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், வெயில் ஏற ஏற அழுத்தம் தளர்ந்து ஒழுக்கு குறையும். ஆனால் அதே வாசகர் இன்னொன்றைத் தவறவிடலாம். இயற்கை ரப்பர் ஏறத்தாழ −70 பாகை செல்சியஸில் நெகிழ்ச்சி இழந்து கண்ணாடிபோல விறைத்துவிடும். செவ்வாயின் இரவு அதற்கும் கீழே போகும். கதவின் ரப்பர் வளையம் வெளிக்காற்றில் இருந்தால் நொறுங்கும். மரம் சீவியவர் ஒரு பக்கம், வேதியியல் ஆசிரியர் மறுபக்கம் எழுதினால் அந்தக் கடிதப் பக்கம் கதையைவிடச் சுவையாக இருக்கும்.

இன்னொரு உதாரணம். கதையில் எஸ்டேட் வீட்டு ஆஸ்ட்ரோ தட்டு (செயற்கைக்கோள் தொலைக்காட்சி வாங்கி) அடிவானத்தைப் பார்த்து நிற்கிறது. தப்பு. நமக்கு ஒளிபரப்பும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 91.5 பாகை கிழக்கில் நிற்கிறது. நாம் இருப்பது ஏறக்குறைய 101 பாகை கிழக்கு, நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கு. ஆகவே தட்டு தலைக்கு மேலே, 77 பாகை உயரத்தைப் பார்க்க வேண்டும்.

திருத்தம் வந்ததும் ஆசிரியர் செய்ய வேண்டியது: பாடநூல் ஒன்று, வேறொரு நம்பகமான நூல் ஒன்று, இரண்டிலும் சரிபார்ப்பது. பிறகு கதாசிரியருக்கு அனுப்பி, அதே இதழில் 80 சொல்லுக்குள் பதில் சொல்ல இடம் தருவது. வாசகர் அடிப்பது உண்மைப் பிழையையா, கதையின் அடிப்படைக் கற்பனையையா என்று பிரிப்பது முக்கியம். ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பல் கதையின் அடிப்படை. அதைக் கேட்கக் கூடாது. ஆனால் அந்தக் கப்பல் இல்லாத கதையில் ஈப்போவிலிருந்து செவ்வாய்க்குத் தொலைபேசியில் தடங்கலின்றி உரையாடினால் கேட்கலாம். ரேடியோ அலை போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். எந்த விவாதத்தையும் இரண்டு இதழோடு முடித்துவிடுங்கள். மூன்றாவது இதழில் அறிவியல் போய், யார் பெரியவர் என்பதுதான் மிஞ்சியிருக்கும்.

சின்ன ஊரின் பெரிய சிக்கலை இனியும் தள்ளிப்போட முடியாது. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். டீச்சர் எழுதிய கதையை மாணவன் குறை சொல்ல மாட்டான். கோயில் தலைவர் மகன் கதைக்கு எட்டுப் பாராட்டு வரும். இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான்: கதையை எழுதியவர் பெயரில்லாமல் வெளியிடுங்கள். பெயர் அடுத்த இதழில், கடிதங்களுக்குக் கீழே வரும். பெயரைப் பார்க்கத்தான் எழுதினேன் என்று சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும். கடிதம் எழுதுகிறவர் புனைபெயர் வைக்கலாம், ஆனால் உண்மைப் பெயர் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அச்சில் பெயரும் ஊரும் மட்டும். தோட்டத்தின் பெயரைப் போட்டால் ஆளையே காட்டிக்கொடுத்த கணக்கு. 1926இல் முழு முகவரி போட்டார்கள் என்பதற்காக நாம் தொலைபேசி எண் போடத் தேவையில்லை.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. கடிதத்தில் ஒருவரை அவதூறு செய்தால் எழுதியவர் மட்டுமல்ல, வெளியிட்டவரும் பதில் சொல்ல வேண்டும். காலமுறை வெளியீடுகளுக்கு 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் இருக்கிறது. முதல் இதழுக்கு முன்பே உள்துறை அமைச்சில் விசாரித்துவிடுங்கள்.

புலனக் குழுவில்தான் உடனுக்குடன் பேசிக்கொள்கிறோமே, அச்சில் எதற்கு என்று ஒரு தங்கை சீட்டு அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. குழுவில் முதலில் பேசியவரின் கருத்தை மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். நாற்பது கட்டைவிரலுக்குப் பிறகு மாற்றிச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆகவே இதழ் வந்த முதல் பத்து நாள் கதையைப் பற்றிக் குழுவில் பேசாமல் தனிச் செய்தியாக மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு திறந்துவிடலாம்.

கடைசியாகப் பிரதிக் கணக்கு. ரசிகர் இதழ்களில் காசுக்குப் பதில் கடிதம் கொடுத்தும் அடுத்த இதழைப் பெறலாம். இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 60 பிரதி அடித்தால் கடிதக்காரர்களுக்கு 12, கதாசிரியர்களுக்கு 6, நூலகம், பள்ளிகளுக்கு 6 என ஒதுக்கி, மீதி 36ஐ மட்டும் விலைக்கு வையுங்கள். முகவரிச் சீட்டில் ‘கடிதத்துக்காக’, ‘கதைக்காக’, ‘சந்தா’ என்று மூன்று கட்டம் அச்சிட்டு, பொருந்துவதில் குறியிடுங்கள். இரண்டு இதழாக எதுவும் எழுதாத இலவச வாசகருக்கு நான்காவது கட்டம்: ‘நீங்கள் எழுதாவிட்டால் இதுவே கடைசிப் பிரதி’.